பூசாமல் விட்ட கருப்பு

ஜார்ஜிய ஓவியர் நிகோ பிரோஸ்மானி (1862–1918) எவரிடமும் முறையாகப் பயின்றவரல்லர். ரயில்வேயில் வேலை பார்த்தார், பால்கடை நடத்தினார், பின்னர் திபிலிசியின் மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் படங்களும் தீட்டி, பலவேளை உணவையும் மதுவையுமே கூலியாகப் பெற்றார்.

பெரும்பாலும் கருப்பு மெழுகுத்துணியில்தான் வரைந்தார். கருப்பு தேவைப்படும் இடத்தில் வண்ணம் பூசாமல் துணியை அப்படியே விட்டுவிடுவார். இருள் முன்னரே அங்கிருக்கிறது. ஒளியை மட்டுமே அவர் சேர்க்கிறார். 1913இல் மாஸ்கோ கண்காட்சியொன்றில் அவர் படங்கள் இடம்பெற்றன. எனினும் வறுமையிலேயே இறந்தார். புதைத்த இடமும் தெரியவில்லை.

ஓவியப்பள்ளியில் பயின்றிருந்தால், அத்துணிமீது முதலில் வெள்ளை பூசக் கற்றிருப்பாரோ? கற்பித்தலே தொழிலாகிவிட்ட எனக்கு இக்கேள்வி எளிதானதன்று. மாணவரின் கவிதையைத் திருத்தப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கருப்புத்துணி கண்முன் விரிகிறது.