பெட்டியின் சூடு
தொரொன்ரோவிலே, பந்தயத்துக்கென மாற்றியமைத்த பழைய அமெரிக்கக் காரொன்றை யாழ்ப்பாணத்து இளைஞனொருவன் வைத்திருந்தான். கால்மைல் பந்தயத்தில் குறையேதுமில்லை. 401 நெடுஞ்சாலையில் அரைமணி ஓடினாலோ தன்னியக்கக் கியர்ப்பெட்டியின் ஒயில் கொதித்தது. பெட்டியையே மாற்றிவிடத் துணிந்து, கடனுக்கும் அலைந்தான்.

முதிய மெக்கானிக் ஒயிலை முகர்ந்தார். சிவந்திருக்க வேண்டியது கபிலமாகிக் கருகல் மணம் வீசியது. அடித்தட்டிலோ உலோகத்துகள் இல்லை. பின்னர் நெடுஞ்சாலையில் காரை ஓட்டுவித்து, வேகமானியையும் சுழற்சிமானியையும் நெடுநேரம் ஒப்புநோக்கினார். வேகத்துக்குரிய அளவிலும் கூடுதலாக எஞ்சின் சுழன்றது.

பாய்ந்து புறப்படவென, எஞ்சின் மிகுந்து சுழன்றாலன்றி இறுகாத முறுக்குமாற்றியைப் பொருத்தியவன், அழகுக்காகப் பெருஞ்சில்லுகளையும் பூட்டியிருந்தான். (இளைஞர்க்குத் தோற்றமே பெரிது போலும்!) சில்லுப் பெருத்ததால் எஞ்சினின் சுழற்சி தாழ்ந்தது, மாற்றி ஓயாது வழுக்கியது, வழுக்கலில் விரயமான வலுவெல்லாம் ஒயிலிலே சூடாயிற்று.

“பெட்டியிலே பிழையில்லைத் தம்பி. பழைய சில்லுகளைப் பூட்டும்” என்றார் முதியவர்.