அம்மாவின் மூக்கும் மூன்று மாஸ்க்குகளும்

நித்திரையில் மூச்சு நிற்கிற வருத்தத்தைப் பற்றி யாரோடு கதைத்தாலும் கதை மெஷினைப் பற்றித்தான் போகும். என்ன விலை, எங்கே வாங்கலாம், சத்தம் போடுமா, கரண்ட் பில் எவ்வளவு கூடும். எங்கள் வீட்டிலும் முதலில் இதே கேள்விகள்தான். மெஷின் என்பது கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருக்கிற ஒரு பெட்டி. காற்றை ஊதும், அவ்வளவுதான். இரவு முழுக்க அம்மாவின் முகத்தில் இருக்கப் போவது மாஸ்க். அதைப் பற்றி எங்களோட ஒருத்தரும் கதைக்கேல்லை.

அம்மாவுக்கு இப்ப 58. குறட்டை விடுவா. இதை எழுதுவதற்கு அவவிடம் அனுமதி கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்ர பேரைப் போடாத" என்றா. அப்பா குறட்டை விட்டால் அது வீட்டில் பகிடி. அம்மா விட்டால் அது ஒரு மானப் பிரச்சினை. கலியாண வீடுகளுக்குப் போனால் எவ்வளவு இருட்டினாலும் திரும்பி வந்துவிடுவோம். ஏனென்று எனக்குப் பல வருஷமாக விளங்கவில்லை. எல்லாப் பெண்களும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிற இடத்தில் தன் சத்தம் கேட்கக் கூடாது என்பதுதான் காரணம்.

இந்த மறைப்பினால்தான் வருத்தம் பிடிபடவும் இவ்வளவு காலம் எடுத்தது. காலையில் தலையிடி, பகல் முழுக்க அசதி, கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதே கண் சொருகும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல். பிரஷருக்குக் குளிசை தந்தார்கள், இரும்புச் சத்துக்குக் குளிசை தந்தார்கள். மாமி "இனி வயசும் போகுதெல்லே" என்றா. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த வருத்தம் வரும் வாய்ப்புக் கூடும். அதோட, பெண்களில் இது குறட்டையாக மட்டும் தெரியாமல் களைப்பு, தலையிடி, நித்திரையின்மை என்றும் வரும். ஆனால் மொத்தமான கழுத்துள்ள ஆம்பிளையள்தான் பொதுவாக எல்லாருடைய மனதிலும் இருக்கிற நோயாளி.

கடைசியில் ஒரு இளம் டொக்டர்தான் "அம்மா, நீங்க குறட்டை விடுவீங்களோ?" என்று நேரடியாகக் கேட்டார். அம்மா இல்லை என்றா. நான் ஓம் என்றேன். ஒரு இரவு நித்திரைப் பரிசோதனை செய்தார்கள். மணித்தியாலத்துக்குச் சராசரியாக 38 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. 30 என்ற எண்ணுக்கு மேலே போனாலே அதைக் கடுமையானது என்று சொல்லுவார்கள்.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை சுருங்கி மூடிக்கொள்ளுகிறது. ரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும்போது மூளை ஆளை உசுப்பிவிடும், ஆள் ஒரு தரம் விக்கித் திரும்ப மூச்சு எடுப்பார், காலையில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. மெஷின் மூக்கு வழியாகச் சிறு அழுத்தத்தில் காற்றை அனுப்பி அந்தப் பாதை மூடாமல் பிடித்துக்கொள்ளும். மருந்து என்று ஒன்றும் இல்லை, காற்றுத்தான் மருந்து. அந்தக் காற்று ஒழுகாமல் உள்ளே போனால்தான் வேலை செய்யும். அப்ப ஒழுக விடாமல் பிடிக்கிற அந்தச் சிலிக்கன் துண்டுதானே முக்கியம்?

மெஷினோடு பெட்டியில் வந்த மாஸ்க் முக்கோண வடிவம், மூக்கை முழுக்க மூடுவது, நடுத்தர சைஸ். யாரும் அம்மாவின் மூக்கை அளக்கவில்லை. விற்றவர் கதிரையில் இருத்தி வைத்து, மெஷினைப் போடாமல், பட்டியை இழுத்துக் கட்டி, "சரிதானே அம்மா" என்றார். அம்மா சரி என்றுதான் சொல்லுவா. புதிய ஆட்களுக்கு முன்னால் அவ வேறொன்றும் சொல்ல மாட்டா.

வீட்டில் முதல் இரவே தெரிந்துவிட்டது. மூக்கின் மேல் எலும்புப் பகுதியில் மாஸ்க் ஏறி அழுத்தியது, ஆனால் பக்கங்களில் இடைவெளி. அம்மாவின் மூக்கு மேலே தாழ்வு, கீழே அகலம். ஒரு பக்கத்தில் மூக்குத்தி வேறு. சிலிக்கன் விளிம்பு சரியாக மூக்குத்திக்கு மேலே வந்து உட்காரும், அந்த இடத்தால் காற்றுச் சீறும். மேல் பக்கத்தால் ஒழுகுகிற காற்று நேரே கண்ணுக்குள் போகும். விடிய எழும்பினால் கண் சிவந்து, மூக்கின் மேல் புண்.

பட்டியின் கதை தனி. தலைக்குப் பின்னால் இரண்டு பட்டி வரும். அம்மா அறுபது வயதை நெருங்கியும் இடுப்பு வரை முடி உள்ளவ, இரவில் கொண்டை போட்டுத்தான் படுப்பா. கொண்டைக்கு மேலே கட்டினால் பட்டி வழுகி மேலே ஏறும், கீழே கட்டினால் கழுத்துக்கு இறங்கும். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த நாளில் இன்னும் மோசம். எண்ணெய் பட்டால் சிலிக்கனும் தோலில் பிடிக்காது. இந்த மாஸ்க்கை வரைந்தவர்கள் கொண்டையையும் மூக்குத்தியையும் தேங்காயெண்ணெயையும் நினைத்திருக்க வழியில்லை. அது அவர்களுடைய குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கே விற்கிற ஆட்களாவது நினைக்கலாம்.

ஒழுகுது என்று இறுக்கினோம். இறுக்க இறுக்கச் சிலிக்கன் மடிப்பு நசிந்து இன்னும் ஒழுகியது. அந்த விளிம்பு காற்றில் கொஞ்சம் ஊதி முகத்தில் மிதந்தால்தான் அடைக்கும் என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன்.

இரண்டு கிழமையில் அம்மா மெஷினைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டா.

மெஷின் எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். எத்தனை மணித்தியாலம் போட்டீர்கள், எவ்வளவு ஒழுகியது, எத்தனை தரம் மூச்சு நின்றது, எல்லாம். கிளினிக்கில் அதைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் இல்லாமல் என்னிடம், "இவ ஒத்துழைக்கிறா இல்லை" என்றார்கள். ஒழுகலைக் காட்டுகிற கோடு அதே திரையில்தான் இருந்தது, மேலே மேலே போய்க்கொண்டு. பல நாடுகளில் இரவுக்கு 4 மணித்தியாலம், பத்து இரவில் ஏழு இரவாவது போட்டால் ஒழுங்காகப் பாவிக்கிறார் என்று கணக்கெடுப்பார்கள். அம்மாவின் கணக்கு ஒரு மணித்தியாலத்தைச் சொச்சம். அந்தச் சொச்சத்தையும் அவ எப்படித் தாங்கினா என்று யாரும் கேட்கவில்லை. "ஒத்துழைக்கிறா இல்லை" என்ற சொல் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. செருப்பு கடித்தால் காலையா திட்டுவீர்கள்?

இந்த வைத்தியத்தின் வரலாற்றை வாசித்தபோது ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. 1980ல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர்தான் இதை முதலில் மனிதரில் செய்து பார்த்தார். ஐந்து நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1981ல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. அதற்கு முதல் கடுமையான ஆட்களுக்கு இருந்த வழி கழுத்தில் துளை போடுவது. ஆரம்ப காலத்தில் கடையில் மாஸ்க் கிடையாது. ஒவ்வொரு நோயாளியின் மூக்குக்கும் அச்செடுத்து, அதற்கேற்றபடி கண்ணாடி நார் மாஸ்க் செய்து, ஒவ்வொரு இரவும் சிலிக்கன் பசை போட்டு முகத்தில் ஒட்டினார்கள். காலையில் அதைப் பிய்த்து எடுக்க வேண்டும். நரகமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த மாஸ்க் அந்த ஆளின் மூக்குக்கென்றே செய்தது. நாற்பது வருஷம் கழித்து எங்களுக்குக் கிடைத்தது மெத்தென்ற சிலிக்கன், வேறு யாருடையவோ மூக்குக்கு.

இரண்டாவது மாஸ்க்கை நான் கொழும்பில் வாங்கினேன். மூக்குத் துவாரங்களில் இரண்டு சின்னச் சிலிக்கன் குமிழ் வந்து பொருந்துகிற வகை. மூக்கின் மேல் ஒன்றுமே வராது, புண் ஆறும் என்று நினைத்தோம். அது உண்மைதான், புண் ஆறியது. ஆனால் மூக்குத்தியின் திருகு உள்பக்கத்தில் இருக்கிறதே. குமிழ் அதில் உரசி இரண்டாம் நாளே ரத்தம் வந்தது. திறந்த மாஸ்க்கைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். சுகாதாரக் காரணம், விளங்குது. ஆனால் போட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்பதற்கு அவர்களிடமும் பதில் இல்லை.

"மூக்குத்தியைக் கழட்டி வைச்சால் முடிஞ்சுது பிரச்சினை." இதைச் சொல்லாத ஆள் இல்லை. அப்பா சொன்னார், தம்பி சொன்னான், கிளினிக்கிலும் சொன்னார்கள். 95 இடம்பெயர்வுக்குப் பிறகு சங்கிலி, காப்பு, தோடு என்று ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்ட குடும்பம் எங்களுடையது. அம்மம்மா போட்டுவிட்ட அந்த மூக்குத்தி மட்டும் மிஞ்சியது, அதை விற்றாலும் பெரிதாக ஒன்றும் வராது என்பதால். அம்மா இந்தக் காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை. "கழட்டினால் ஓட்டை தூர்ந்திடும்" என்று மட்டும் சொன்னா. நான் அவவுக்குச் சொன்னேன்: "கழட்ட வேண்டாம் அம்மா. மூக்குக்கு ஏத்த மாஸ்க்கைத் தேடுவம்."

ஸ்காபரோவில் இருக்கிற சித்தியின் மகளுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். அவளுடைய கணவரும் மெஷின் போடுகிறவர். அங்கே அவர் 30 நாளுக்குள் மாஸ்க்கை மாற்றிக்கொள்ளலாம் என்ற கடையில் வாங்கி, மூன்றாவதில்தான் சரி வந்ததாம். அவருக்கு அது ஒரு கதையே இல்லை, சப்பாத்து மாற்றுவது மாதிரி. அவள்தான் மூக்குக்கு அடியில் தொட்டில் மாதிரித் தாங்குகிற வகையைப் பற்றிச் சொன்னாள். துவாரத்துக்குள் போகாது, மூக்கின் மேலும் வராது, பக்கங்கள் திறந்தபடி. குழாய் முகத்துக்கு முன்னால் தொங்காமல் உச்சந்தலையால் போகும். பின்னால் ஒரே ஒரு பட்டி.

அந்த வகையின் சைஸ் பட்டியலில் நடுத்தரம், அகலம் என்பவற்றோடு "சிறிய அகலம்" என்று ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கட வீட்டு மூக்குக்கு யாரோ பெயர் வைத்திருக்கினம்! அளக்கும் படத்தைச் சரியான அளவில் பிரிண்ட் எடுத்து, வெட்டி, அம்மாவின் மூக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்தோம். (பிரிண்டரில் "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அளவு மாறிவிடும்.) சிறிய அகலம்தான்.

இன்னொன்றையும் பார்த்தோம். சில மாஸ்க்குகளின் பட்டியில் காந்தக் கொக்கி இருக்கும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், உடம்புக்குள் சில உலோகப் பொருட்கள் வைத்தவர்களுக்கும் அது ஆபத்தாகலாம் என்று 2022ல் பிலிப்ஸ் நிறுவனம் தன் மாஸ்க்குகளைப் பற்றி எச்சரித்தது. மாஸ்க் போடுகிறவருக்கு மட்டுமில்லை, பக்கத்தில் படுக்கிறவருக்கும் அது பொருந்தும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தருகிற மாஸ்க்கில் இதை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கோ.

மாஸ்க் ஊருக்கு வருகிற ஒரு குடும்பத்தின் பொதியில், சொக்லேற்றுக்கு நடுவில் வந்து சேர்ந்தது. இந்த முறை கதிரையில் இருத்திப் போடவில்லை. அம்மா கட்டிலில் படுத்தா, மெஷினைப் போட்டேன், காற்று வந்த பிறகு பட்டியைத் தளர்வாக விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன், சத்தம் நின்ற இடத்தில் விட்டேன். இடப்பக்கம் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், வலப்பக்கமும். படுக்கும்போது முகத்தின் சதை இடம் மாறும், இருந்து பார்த்தால் அது தெரியாது. பட்டி கொண்டைக்குக் கீழே போய் அப்படியே நின்றது. கொண்டையே அதைப் பிடித்து வைத்திருந்தது.

முதல் மூன்று நாள் பகலில், ரீவி பார்க்கும்போது அரை மணித்தியாலம் போட்டா. முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் படுப்பா, எண்ணெய் வைப்பதைக் காலைக்கு மாற்றிவிட்டா. சிலிக்கனை விடிய ஈரத் துணியால் துடைப்பது இப்ப சாமியறையில் பூ வைக்கிற மாதிரி ஒரு வேலை. நுளம்பு வலைக்குள் குழாயைக் கொண்டுவருவதுதான் பெரிய சண்டையாக இருந்தது. வலையின் ஒரு மூலையில் குழாய் மட்டும் போகிற அளவுக்கு அம்மா துணியில் ஒரு வாய் தைத்து, இழுத்துக் கட்ட நாடாவும் போட்டா. வாய் திறந்து காற்றுப் போகிற இரவுகளும் உண்டு. நாடிப்பட்டி ஒன்று வாங்கினோம், அவவுக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டோம். கரண்ட் போனால் மெஷின் நிற்கும், ஆனால் இது மூக்கை மட்டும் பிடிக்கிற மாஸ்க் என்பதால் வாயால் மூச்செடுத்தபடி கழட்டி வைத்துவிடலாம். முழு முகத்தையும் மூடுகிற வகையை நான் தேடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

போன மாதப் பதிவில் சராசரி ஆறு மணித்தியாலம். மூச்சு நிற்பது மணித்தியாலத்துக்கு 4. ஐந்துக்குக் கீழே என்றால் ஆரோக்கியமான ஆட்களின் அளவு. தலையிடி போய்விட்டது. களைப்பு முழுக்கப் போகவில்லை, மூட்டு வலியும் அப்படியேதான். கிளினிக்கில் "இப்ப நல்லா ஒத்துழைக்கிறா" என்று எழுதினார்கள். மாஸ்க்கின் பெயரையும் சைஸையும் கொப்பியில் குறித்து வைக்கச் சொல்லிக் கேட்டேன். அதற்கு அதில் இடம் இல்லை என்றார்கள், ஓரத்தில் எழுதுவித்தேன்.

ஆவணியில் வவுனியாவில் பெரியம்மாவின் பேத்திக்குக் கலியாணம். மெஷினை வைக்க ஒரு பையும் நீளமான வயரும் வாங்கி வைத்திருக்கிறா அம்மா. படுக்கிற அறையில் பிளக் எந்தப் பக்கம் இருக்குது என்று நேற்றுப் போனில் கேட்டுக்கொண்டிருந்தா.