எழுபது வளைவும் ஒரு கழிப்பறையும்

கேரவன்னு சொன்னாலே நம்மாளுங்களுக்கு ஷூட்டிங்ல ஹீரோ ஏறி உக்காந்துக்கிற ஏசி வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான். ஆனா இப்ப ஒரு மாசமா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மேப்பும் நோட்டுமா உக்காந்து, அந்த மாதிரி ஒரு வண்டியில கொல்லிமலைக்கு எப்படிப் போறதுன்னு திட்டம் போட்டுக்கிட்டு இருக்கேன். "நிலாவுக்குப் போறவங்க கூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டாங்க"ன்னு வீட்டம்மா கிண்டல் வேற. :-)

தொட்டியத்துக்காரனுக்குக் கொல்லிமலை ஒரு தூரமான்னு கேப்பீங்க. தூரமே இல்லை. வானம் தெளிஞ்சிருந்தா எங்க வாழைத் தோட்டத்துலேர்ந்தே வடக்கால நீலமா தெரியும். பைக்ல போனா காலையில கிளம்பி ராத்திரிக்குள்ள திரும்பிடலாம். விஷயம் தூரம் இல்லை. அப்பா.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆகுது. இருதயத்துக்காக நீர் பிரியற மாத்திரை சாப்பிடறார். மாத்திரை போட்ட ரெண்டு மூணு மணி நேரத்துக்கு அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போகணும். முட்டி வலி இருக்கறதால ரோட்டோரமா ஒதுங்கி உக்காரவும் முடியாது. இதுக்காகவே ரெண்டு வருஷமா கல்யாணம் காட்சின்னு எதுக்கும் வர்றதில்லை. "எனக்கு வேலை இருக்கு தம்பி, நீங்க போயிட்டு வாங்க"ம்பார். என்ன வேலைன்னு எங்களுக்குத் தெரியும், நாங்க தெரிஞ்சுக்கிட்டதா காட்டிக்கிறதில்லை. அந்த மனுஷன் போன மாசம் தோட்டத்துல நின்னுக்கிட்டு, "புளியஞ்சோலையிலேர்ந்து நடந்தே மேல ஏறியிருக்கேன். இன்னொரு தடவை அந்த மலைவாழையைப் பாக்கணும்"னார். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை.

சித்தப்பா மகன் நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டுற பட்டறை வெச்சிருக்கான். பழைய டெம்போ டிராவலர் ஒண்ணை வாங்கி ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், தண்ணி டேங்க் எல்லாம் வெச்சு தன் குடும்பத்துக்காகக் கட்டியிருக்கான். (ஆசைப்படறவங்க கவனிக்க: நம்ம இஷ்டத்துக்கு வண்டியை மாத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யிலயும் மாத்தணும். அவன் வாங்கியிருக்கான்.) "எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே, ஆனா மலைக்கு நானே ஓட்டறேன்"னுட்டான். நிம்மதி.

இனிமே வழி. முதல்ல பேராசையா ஊட்டியையும் யோசிச்சேன். 2024 மே 7லேர்ந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அது எடுக்கறது பெரிய காரியம் இல்லை. ஆனா சீசன் நெரிசல்ல வண்டி மலைப்பாதையில மணிக்கணக்கா நிக்கும். ஏற்காடு, 20 வளைவு, சுலபம். பச்சமலை, துறையூர் தாண்டி சோபனபுரம் வழியா ஏறணும், எங்களுக்கு அதுவும் பக்கம்தான். ஆனா அவர் கேட்டது கொல்லிமலை. அதுக்கு காரவள்ளியிலேர்ந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு வெச்சிருக்கும்.

தம்பி சொன்ன பாடங்களை அப்படியே தர்றேன், யாருக்காவது உபயோகப்படும்:

1. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. டேங்கை ரொப்பிக்கிட்டு மலை ஏறக்கூடாது. பாதி டேங்கா இருந்தா வளைவுல தண்ணி அலம்பி வண்டியை ஒரு பக்கமா தள்ளும். அதனால நடுவுல தடுப்பு வெச்ச டேங்க். கழிப்பறைக்குத் தேவையானது மட்டும் கொண்டுபோய் மேல போய் ரொப்பிக்கணும்.

2. எந்த கியர்ல ஏறினோமோ அதே கியர்ல இறங்கணும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா சூடேறி பிடிக்காம போயிடும். டீசல் மிச்சம்னு இன்ஜினை அணைச்சா பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீரிங்கும் போச்சு.

3. ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. நாம இறங்கும்போது ஒதுங்கி நிக்கணும்.

4. வளைவுல முன்சக்கரத்தைப் பாக்கறதை விட வண்டியோட வாலைப் பாக்கணும். அதுதான் சுவத்துல உரசும்.

5. அடுப்பு சிலிண்டரை ஓடற வண்டியில மூடியே வெக்கணும். சமையல் நின்ன இடத்துலதான்.

இதையெல்லாம் எழுதிக்கிட்டே வந்தப்பதான் ஒண்ணு புரிஞ்சுது. பாக்கப் போற இடம் வழியை முடிவு பண்றதில்லை, நிக்கப் போற இடம்தான் முடிவு பண்ணுது. வண்டிக்குள்ளயே டாய்லெட் இருந்தாலும் சுத்திச் சுத்தித் திரும்பற வண்டியில எழுபத்தெட்டு வயசுக்காரர் எழுந்து நிக்க முடியுமா? வண்டி நிக்கணும். சமமா நிக்கணும். பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு இடைஞ்சல் இல்லாம நிக்கணும். அதனால போன ஞாயித்துக்கிழமை நானும் தம்பியும் பைக்ல ஏறி, ஓரமா வண்டி நிறுத்தற அளவு அகலம் இருக்கற இடத்தையெல்லாம் வளைவு நம்பரோட குறிச்சுக்கிட்டு வந்தோம். சுற்றுலா கையேட்டுல இது எதுவும் இருக்காது. கேரளாவுல 2022ல வாகமன்ல கேரவனுக்குன்னே ஒரு பார்க் திறந்தாங்க, தண்ணி, கரண்ட், கழிவு இறக்க வசதியோட. இங்க நாமளேதான் ஏற்பாடு பண்ணிக்கணும். ராத்திரி காட்டோரமா நிறுத்தற வேலையே வேண்டாம்னு செம்மேட்டுல ஒரு விடுதி காம்பவுண்டுல கேட்டு வெச்சிருக்கோம். கழிவை வழியில எங்கயும் திறந்துவிடாம திரும்பக் கொண்டுவந்து பட்டறையிலதான் இறக்கணும், அதுல தம்பி ரொம்பக் கறார்.

நாளும் பாத்தாச்சு. ஆடிப்பெருக்கு சமயம் வல்வில் ஓரி விழா, கூட்டம் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில மண் சரியும். மார்கழியில காலைப் பனி. அதனால பொங்கல் கழிஞ்சு, ஒரு வாரநாள்.

முதல் நாள் சாயங்காலம் நாமக்கல், பட்டறையில தூக்கம். மறுநாள் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. மாத்திரையை செம்மேடு போய்ச் சேர்ந்தப்புறம் போட்டுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன், ரெண்டு மணி நேரம் தள்ளிப் போட்டா தப்பில்லைன்னார். அப்புறம் சோளக்காடு சந்தை, மலைவாழைத் தோட்டம், அறப்பளீஸ்வரர் கோயில்.

ஒண்ணே ஒண்ணுதான் உறுத்திக்கிட்டு இருந்தது. ஆகாய கங்கை அருவிக்குக் கோயில்கிட்டேர்ந்து ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். அப்பாவால ஆகாது. ரெண்டு நாள் மேப்பையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தத் தண்ணிதான் ஐயாறா இறங்கி புளியஞ்சோலைக்கு வருது! அங்க படி இல்லை. அதனால திரும்பறப்ப எருமப்பட்டி வழியா துறையூர் ரோட்டைப் பிடிச்சு புளியஞ்சோலை போயிட்டுத்தான் வீடு. முப்பது நாப்பது கிலோமீட்டர் கூடுதல்தான். இருக்கட்டும்.

நேத்து நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வளைவு நம்பர் பட்டியலை விரல் வெச்சு ஒவ்வொண்ணா படிச்சார். எதுக்கு இத்தனை இடத்துல நிறுத்தறோம்னு அவருக்குப் புரியாம இருக்குமா? ஒண்ணும் கேக்கலை. நோட்டை மூடிக் குடுத்துட்டு, "சந்தையில மிளகு வாங்கணும், பை எடுத்துக்க"ன்னார்.

ரெண்டு வருஷத்துல "எனக்கு வேலை இருக்கு"ன்னு சொல்லாதது இதான் முதல் தடவை.

வயசானவங்களைக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா, நான் எதையாவது விட்டிருந்தா சொல்லுங்க மக்களே. பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கு.