அரியலூர் சுண்ணாம்பும் அம்மோனைட்டும்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது என்று சொல்வார்கள். முட்டையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், சுண்ணாம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தாலும் சரி, கல்லைச் சுட்டு எடுத்தாலும் சரி, அது பெரும்பாலும் ஏதோ ஒரு கடலுயிரின் ஓடுதான்.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் காரைக்குடியில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறி அரியலூரில் இறங்கலாம். சிமெண்ட் ஆலைகளின் ஊர். ஆலைகளுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் அங்கே கிடைப்பதற்குக் காரணம், சுமார் 7 கோடி வருடங்களுக்கு முன் அது கடலாக இருந்ததுதான். கல்லங்குறிச்சிப் பக்கம் சுரங்கங்களில் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கூடவே சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகள். பார்க்க நத்தை மாதிரி இருந்தாலும் கணவாய்க்குத்தான் சொந்தம். பூஜை அறையில் வைக்கும் சாளக்கிராமம் இருக்கிறதே, அதுவும் கண்டகி நதியில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவம்தான்!

அரியலூரின் விசேஷம் அதன் அடுக்கில் இருக்கிறது. கடல் படுகைக்கு மேலே கல்லமேட்டு மணற்பாறை. கடல் பின்வாங்கி ஆறு ஓடிய காலம், டைனோசர் எலும்புகள் கிடைப்பது இதில். அதற்கும் மேலே நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல். அதாவது, கடல் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அம்மோனைட்டுகள் திரும்பவில்லை. டைனோசர்களும்தான்.

நடுவில் நடந்ததுதான் 6.6 கோடி வருடங்களுக்கு முந்தைய பேரழிவு. மெக்சிகோவில் சுமார் 10 கிலோமீட்டர் அகல விண்கல் விழுந்தது. அதே காலகட்டத்தில் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பொங்கி ஓடிக்கொண்டிருந்தது. முதல் குற்றவாளி யார் என்ற வழக்கு இன்னும் முழுசாக முடியவில்லை. விண்கல்லுக்கு எதிரான சாட்சிகள்தான் பலம். உயிரினங்களில் முக்கால்வாசி போய்விட்டது.

அம்மோனைட் லேசுப்பட்ட இனம் இல்லை. பூமி கண்ட ஐந்து பெரும் அழிவுகளில் மூன்றைத் தாண்டி வந்தது. 25 கோடி வருடங்களுக்கு முன் கடலினங்களில் பத்தில் எட்டோ ஒன்பதோ ஒழிந்தபோதுகூடத் தப்பியது. பிறகு ஏன் இந்த முறை மாட்டிக்கொண்டது? அதன் தூரத்துச் சொந்தமான நாட்டிலஸ் இன்றும் பசிபிக்கில் நீந்திக்கொண்டிருக்கிறதே! ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் ஒரு காரணம், குஞ்சுகள். அம்மோனைட் குஞ்சு மிகச் சிறியது, கடலின் மேல்மட்டத்தில் மிதந்து நுண்ணுயிர்களைத் தின்று வளரும். வானம் இருண்டு மேல்மட்டக் கடல் செத்தபோது அதற்குச் சாப்பாடு இல்லை. நாட்டிலஸ் போடுவது பெரிய முட்டை, பொரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஆழத்தில், கிடைத்ததைத் தின்று, மெதுவாக வாழும். பலசாலி என்பதால் பிழைக்கவில்லை. வாழ்ந்த இடமும் வளர்ந்த விதமும் அந்த நேரத்துக்குத் தோதாக அமைந்தன, அவ்வளவே.

கல்லமேட்டில் கிடைத்த ஒரு ராட்சத டைனோசருக்கு யாதகிரி, அய்யசாமி என்ற இரு புவியியலாளர்கள் 1980களில் 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். உலகத்திலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். 'இருக்கலாம்' என்பதோடு நிற்கக் காரணம், அந்த எலும்புகள் இன்று இல்லை. நொறுங்கிப் போய்விட்டன. மிஞ்சியது படங்கள்தான். 6.6 கோடி வருடங்களுக்கு மேல் தாங்கியது, தோண்டி எடுத்தபின் சில வருடங்கள்கூடத் தாங்கவில்லை!

2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று படம் ஊரெல்லாம் சுற்றியது. நிபுணர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கடல் படிவு என்றார்கள். செய்தி அதோடு அடங்கிவிட்டது. முட்டை என்றால்தான் மதிப்பு போல, செட்டிநாட்டுச் சுவரிலும் குன்னத்துக் குளத்திலும் :-)