காரம் ஏறட்டும்

எங்கள் வீட்டில் கடுகு என்றால் தாளிக்கத்தான். கொதிக்கிற எண்ணெயில் படபடவென்று வெடித்துக் கறிவேப்பிலையோடு மணந்தால் அதன் வேலை முடிந்தது. அந்தச் சின்ன மணிக்குள் மூக்கைத் துளைக்கும் உறைப்பு இருப்பதை நான் அறிந்தது மட்டக்களப்பு டச்பாரில், ஒரு பறங்கியர் வீட்டுக் குசினியில்.

நத்தாருக்கு முந்திய கிழமை அது. அச்சாறுக்கான சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கரட்டும் சுளகில் வாடிக்கொண்டிருந்தன. அந்த வீட்டு அன்ரி கடுகை அம்மியில் போட்டு, பச்சைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து இழுத்து அரைத்தார். முதலில் ஒரு மணமும் இல்லை. கறுப்புத் தோல் பொடிப்பொடியாய்க் கலந்த மஞ்சள் களி திரளத் திரள, குனிந்து பார்த்த எனக்குக் கண் கரித்து நீர் வந்தது. நான் வினாகிரிப் போத்தலை நீட்டினேன்.

“பொறு மனே, காரம் ஏறட்டும்.”

பத்து நிமிசம் சென்றுதான் வினாகிரியும், அரைத்த உள்ளி இஞ்சியும், உப்பும் சீனியும் சேர்ந்தன.

பிறகு வீட்டில் நானே அரைத்தபோது, கெதியாக ஊறட்டும் என்று சுடுதண்ணீர் விட்டேன். கசப்புத்தான் வந்தது. முழுக் கடுகில் காரம் இல்லை. சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியமும் அதனுள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன. உடைந்து ஈரம் பட்டதும் இரண்டும் கூடி அல்லைல் ஐசோதயோசயனேற்றைப் பிறப்பிக்கின்றன. ஜப்பானியரின் வசாபி மூக்கில் ஏறுவதும் இதனால்தான். சூடு பட்டால் நொதியம் செத்துவிடும். தாளித்த கடுகு சாதுவாக இருப்பது அதனால். புளிப்பு நொதியத்தின் வேகத்தை அடக்கும்; ஆனால் ஏற்கெனவே பிறந்த காரத்தைப் போகவிடாமல் பிடித்து வைக்கும். அன்ரியின் ‘பொறு’வுக்குள் இவ்வளவும் இருந்தது.

அன்ரி போன்ற பறங்கியரின் வேர் போர்த்துக்கேயர் காலம் வரை போகிறது. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கட்டத் தொடங்கிய கோட்டை பத்தே வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் கைக்குப் போனது. போர்த்துக்கேயரின் பேச்சு மட்டும், உருமாறிய கிரியோலாக, வாவிக்கரைப் பறங்கியர் சிலரின் வாயில் இன்னும் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலை டச்பாரை அள்ளிப்போனபோது அன்ரியின் வீடும் போனது. அம்மியை மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள்.

இந்த நத்தாருக்குக் கடைப் போத்தலை வாங்காதீர்கள். ஒரு பிடி கடுகு போதும். தண்ணீர் குளிர்ந்து இருக்கட்டும். வினாகிரியைப் பத்து நிமிசம் தள்ளி வையுங்கள்.