கவரைப்பேட்டை டு பழவேற்காடு: டிரம்முக்குள்ள ஒரு கடல்!

காலேஜ் பஸ், ஹைவே லாரி, சிப்காட் ஷிஃப்ட்... கவரைப்பேட்டைன்னா இதுதானே உங்களுக்கு ஞாபகம் வருது? கடல் வாசனையே இல்லாத ஊர்! ஆனா, இங்கே மெக்கானிக்கல் படிக்கிற நண்பரே, உங்க 'ஹீட் டிரான்ஸ்ஃபர்' பேப்பருக்கு ஒரு சூப்பர் லேப் பக்கத்துலயே இருக்கு. ஃபீஸ் கிடையாது, ரெக்கார்டு நோட்டும் வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை காலையில சென்னை போற லோக்கல் ட்ரெயின் பிடிங்க. அடுத்த ஸ்டேஷன் பொன்னேரி. இறங்கி பஸ் ஏறினா சுமார் 20 கிலோமீட்டர்ல பழவேற்காடு. 1613-ல டச்சுக்காரங்க கோட்டை கட்டின ஊர். எலும்புக்கூடு செதுக்கின அவங்க கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துட்டு, நேரா படகுகள் நிக்கிற கரைக்கு வாங்க. நம்ம லேப் அங்கேதான்.

சில்காவுக்கு அடுத்தபடியா இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. பெருசுன்னாலும் ஆழம் இல்லை. பல இடத்துல இடுப்பளவு தண்ணிதான். ஏரியிலிருந்து கடலுக்குப் போக முகத்துவாரத்தைத் தாண்டணும். அங்கே மணல் சேர்ந்து வழி அடைபடறது மீனவர்களுக்குப் பல வருஷத் தலைவலி. ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் மணல் திட்டு. அந்த இடத்துல இன்ஜின் நின்னா படகு அலைக்குக் குறுக்கே திரும்பிடும். அப்புறம் கவிழறதுக்கு அதிக நேரம் ஆகாது.

சரி, இன்ஜின் ஏன் நிக்கும்? பல காரணம் இருக்கு. அதுல முக்கியமானது சூடு!

கடலே ரேடியேட்டர்!

உங்க பைக் இன்ஜினைக் காத்து குளிரவைக்குது. காருக்கு ரேடியேட்டர் இருக்கு. படகோட பின்னாடி தொங்குற அவுட்போர்டு இன்ஜினுக்கு? கடல்தான் ரேடியேட்டர்! தண்ணிக்குள்ள இருக்கிற கால் பகுதியில சல்லடை மாதிரி ஒரு துவாரம். அதுக்கு மேலே, உள்ளே ஒரு ரப்பர் சக்கரம், பேரு இம்பெல்லர். உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். அது சுத்தி தண்ணியை மேலே தள்ளும். இன்ஜினைச் சுத்தி வந்த தண்ணி, புகையோட சேர்ந்து கீழே போயிடும். அதுல கொஞ்சம் மட்டும் பக்கத்துல இருக்கிற சின்ன ஓட்டை வழியா நூல் மாதிரி பீய்ச்சும். அந்த நூல்தான் இன்ஜினோட நாடி. நூல் அறுந்தா, உடனே ஆஃப் பண்ணணும்!

மணலும் சேறும் கலந்த தண்ணியை இழுத்தா அந்த ரப்பர் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

கரையில வைத்தியம்

கரையில யாராவது இன்ஜினை ஸ்டாண்டுல மாட்டி, காலை ஒரு டிரம் தண்ணிக்குள்ள இறக்கி ஓட்டிப் பார்த்தா, நின்னு கவனிங்க. தண்ணியில்லாம 'சும்மா ஒரு செகண்ட்' ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறது ரொம்பத் தப்பு. தண்ணிதான் அந்த ரப்பருக்கு எண்ணெய் மாதிரி. காய்ஞ்சு சுத்தினா சீக்கிரமே கருகிடும்.

நூல் வரலையா? உடனே பம்பைக் கழட்ட வேண்டாம். சுலபமானதுல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா பார்க்கணும்.

முதல்ல இன்ஜினை நிறுத்திட்டு அந்தச் சின்ன ஓட்டை. சும்மா நின்ன இன்ஜின்னா குளவி கூடு கட்டியிருக்கும். இல்லேன்னா உப்பு அடைச்சிருக்கும். தூண்டில் நரம்பை உள்ளே விட்டா போதும். அடுத்து சல்லடை. பாசி, சேறு, கேரி பேக் சிக்கியிருக்கா? அதுவும் சரின்னாதான் இம்பெல்லர். ரப்பர் இதழ் விறைச்சிருந்தா, வளைஞ்சே இருந்தா, மாத்திடணும். இதழ் உடைஞ்சிருந்தா புதுசு போட்டா மட்டும் போதாது. உடைஞ்ச துண்டையும் தேடி எடுக்கணும். இல்லேன்னா அது மேலே போய் வழியை அடைச்சுக்கும். கடைசியா தெர்மோஸ்டாட். கழட்டி வெந்நீர்ல போட்டா வாய் திறக்கணும். திறக்கலையா, அதுதான் வில்லன்!

இங்கே ஒரு டேஞ்சர் இருக்கு. சிலர் டிரம்முக்குப் பதிலா, ஹெட்போன் மாதிரி ரெண்டு ரப்பர் கப்பை சல்லடையில மாட்டி, குழாய்த் தண்ணி கொடுப்பாங்க. உப்பைக் கழுவ அது ரொம்ப நல்லது. ஆனா டெஸ்ட் பண்ணும்போது ஏமாத்தும். குழாயோட அழுத்தமே தண்ணியை மேலே தள்ளிடும். தேய்ஞ்ச இம்பெல்லர்கூட 'பாஸ்' ஆகிடும். கரையில ஓகே சொன்ன இன்ஜின், முகத்துவாரத்துல காலை வாரும். டிரம்முல அந்த உதவி கிடையாது. இம்பெல்லர் தானே இழுக்கணும். அதனால டிரம் கொஞ்சம் நேர்மையான எக்ஸாமினர். அதுக்கும் கண்டிஷன் உண்டு: பம்ப் முழுகுற அளவு தண்ணி வேணும், புரொப்பெல்லரைக் கழட்டி நியூட்ரல்ல ஓட்டணும், திறந்த வெளியா இருக்கணும். ரொம்ப நேரம் ஓட்டினா டிரம் தண்ணியே சூடாகி, ரிசல்ட் தப்பாயிடும்.

மறந்துடாதீங்க!

படகு சவாரிக்கு ஆசைப்படாதீங்க. 2011 டிசம்பர் 25-ல இந்த ஏரியில சுற்றுலா வந்தவங்க படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. கரையிலேயே கத்துக்க இவ்வளவு இருக்கே! இன்ஜினைத் தொடறதுக்கு முன்னாடி, "அண்ணே, பார்க்கலாமா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்த இன்ஜின் ஓடினாதான் அவங்க வீட்டுல உலை கொதிக்கும். சந்தேகம் கேளுங்க, ஸ்பேனர் எடுத்துக் கொடுங்க. டிரம்முக்குத் தண்ணி சுமக்கவும் ஆள் வேணும் பாஸ்!