தாமே விதித்த வரி

வரி எதிர்ப்புச் செய்திகளை எழுதியே தலை நரைத்தவன் நான். ஆகையால், மக்கள் வாக்களித்துத் தம்மீது தாமே வரி விதிக்கிறார்கள் என்று அறிந்தபோது வியப்பே மேலிட்டது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் அமைந்துள்ள கிங் கவுண்டியில் அவசர மருத்துவ சேவைக்கென 1979 முதல் வாக்கெடுப்பின் மூலம் ஆதனவரி பெறப்படுகிறது. (எங்கள் ஊரில் சோலைவரி என்போம்.) 2019இல் மக்கள் அங்கீகரித்த அளவு, ஆதனப் பெறுமதியில் ஆயிரம் டொலருக்கு 26.5 சதம்.

இருப்பினும் 1997இல் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தும் அன்றைய சட்டம் கோரிய 60 சதவீதம் கிட்டவில்லை. பிரேரணை தோற்றது. மாரடைப்புக்கு நிமிடக் கணக்கு. அம்புலன்ஸுக்கோ சதவீதக் கணக்கு! 1998 பெப்ரவரியில் மீண்டும் வாக்களித்தே சேவையைக் காத்துக்கொண்டனர்.

இத்தகைய வரியைத் தடையின்றித் தொடர்வதற்குச் சாதாரண பெரும்பான்மையே போதும் எனப் பின்னாளில் சட்டம் திருத்தப்பட்டது. நானாயின் அதனை 1997இலேயே செய்திருப்பேன்.